மொழிபெயர்ப்புப் பாடம்: அவன், அவள், அவர், அது



நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக மொழிபெயர்ப்பை எடுத்திருக்கிறேன். "எஞ்சின் படிக்கிறவனுக்கு எதுக்குடா கதைப் புத்தகம்?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். இந்தப் பருவத்தில் நாங்கள் நவீன உலக இலக்கியத்தை, கதைக்காக மட்டும் இல்லாமல், "இதை நம்ம மொழிக்கு எப்படிக் கொண்டு வர்றது?" என்ற கேள்வியோடு படிக்கிறோம். அப்படிப் படித்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரே ஒரு விஷயத்தை இந்தப் பாடத்தில் பகிர்ந்துகொள்கிறேன். மூன்று கதைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் அடிப்படை

ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1959இல் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் முக்கியமான கருத்து இது: எந்த மொழியிலும் எதையும் சொல்ல முடியும். ஆனால் ஒவ்வொரு மொழியும் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தும். மொழிகளுக்குள் உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த மலாய் மொழியைப் பாருங்கள். 'டியா' என்று சொன்னால் ஆணா, பெண்ணா, பெரியவரா, சின்னவரா என்று தெரியாது. 'அடிக்' என்றால் தம்பியாகவும் இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது: இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. மலாய்க்காரர் சொல்லாமல் விட்டதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் ஆகவேண்டும். அதாவது, மூல ஆசிரியர் எடுக்காத ஒரு முடிவை நாம் எடுக்கிறோம். அந்த முடிவு கதையை என்ன செய்கிறது?

1. காஃப்கா: எப்போது 'அது'?

ஃபிரான்ஸ் காஃப்காவின் 'உருமாற்றம்' 1915இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த குறுநாவல். துணி வியாபார நிறுவனத்துக்காக ஊர் ஊராக அலையும் கிரேகர் சாம்சா ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கிடக்கிறான். அவன் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பமே ஓடியது. என்ன வகைப் பூச்சி என்று கதைசொல்லி பெயர் சொல்வதில்லை. அட்டைப்படத்தில் அந்தப் பூச்சியை வரையக் கூடாது என்று காஃப்கா தம் பதிப்பகத்துக்குக் கடிதமே எழுதினார்.

பூச்சி என்றதும் நம் கை தானாகவே 'அது ஊர்ந்தது' என்று எழுதப் பார்க்கும். இலக்கணப்படி அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காஃப்காவின் கதைசொல்லி கடைசிவரை கிரேகரை 'அவன்' என்றே சொல்கிறார். உடல் மாறினாலும் உள்ளே இருப்பவன் மகன்தான், அண்ணன்தான். கதையின் இறுதிப் பகுதியில்தான், ஆரம்பத்தில் அவனுக்குச் சாப்பாடு வைத்துப் பார்த்துக்கொண்ட தங்கை கிரேட்டா, அவனை 'அது' என்று சொல்லி, அதைத் தொலைக்க வேண்டும் என்கிறாள். அவனை அண்ணன் இல்லை என்று தள்ளிவிடும் இடம் அதுதான்.

மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே 'அது' போட்டுவிட்டால், தங்கை வாயில் அந்தச் சொல் வரும்போது வாசகருக்கு ஒன்றுமே உறைக்காது. ஆகவே பாடம் ஒன்று: விகுதியைப் போடுவதற்கு முன்னால் கதையை முடிவுவரை படித்திருக்க வேண்டும்.

2. காம்யு: இறந்தாளா, இறந்தாரா?

ஆல்பெர் காம்யுவின் பிரெஞ்சு நாவல் 1942இல் வந்தது. வெ. ஸ்ரீராம் அதைப் பிரெஞ்சிலிருந்தே நேராக மொழிபெயர்த்து, 'அந்நியன்' என்ற பெயரில் க்ரியா 1980இல் வெளியிட்டது. நாவல் கதாநாயகனின் தாயார் இறந்த செய்தியோடு தொடங்குகிறது. தாயைக் குறிக்க அவன் சொல்வது 'மமான்', பிள்ளைகள் வீட்டில் கூப்பிடும் சொல்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே பெரிய சிக்கல். 1946இல் ஸ்டுவர்ட் கில்பர்ட் 'மதர்' என்று போட்டார். கேட்பதற்குக் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. 1988இல் மேத்யூ வார்ட் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே வைத்துவிட்டார். தமிழில் இந்தத் தலைவலி கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் 'அம்மா', ஐம்பது வயதுக்காரருக்கும் 'அம்மா'.

ஆனால் நமக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அம்மா இறந்தாளா, இறந்தாரா, இறந்துட்டாங்களா? பிரெஞ்சில் பெண் என்பது தெரியும். மரியாதையின் அளவு தெரியாது. தமிழில் 'இறந்தாள்' என்றால் சிலருக்கு நெருக்கம், சிலருக்கு மரியாதைக் குறைவு. 'இறந்தார்' என்றால் மரியாதை உண்டு, ஆனால் தள்ளி நின்று சொல்வது போலிருக்கும். நம் மலேசிய வீடுகளில் பெரும்பாலும் 'இறந்துட்டாங்க' என்போம்.

இது சின்ன விஷயம் இல்லை. நாவலின் பிற்பகுதியில் அவன் ஒரு கொலை வழக்கில் கூண்டில் நிற்கிறான். தாயின் சவ அடக்கத்தில் அவன் அழவில்லை என்பதே அவனுக்கு எதிரான வாதமாகிறது. அவனுக்குத் தாய்மேல் பாசம் இருந்ததா, இல்லையா? வாசகர் கடைசிவரை யோசிக்க வேண்டிய கேள்வி அது. நாம் முதல் வரியில் போடும் விகுதி, நீதிபதிக்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடும். பாடம் இரண்டு: ஆசிரியர் திறந்து வைத்த கதவை நாம் சாத்தக் கூடாது.

3. ஷானோன் அகமது: பைத்தியமான தாய்

உலக இலக்கியம் என்றால் ஐரோப்பா மட்டும்தானா? கெடா மாநிலத்தின் சீக் வட்டாரத்தில் பிறந்த ஷானோன் அகமது 1966இல் எழுதிய 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' நாவலை அடிபா அமின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 1994இல் அதைத் தம் நாட்டுக் கதையாகவே படமாக்கினார். நம் பக்கத்து வயல் கதைதான், எங்கெங்கோ போய்விட்டது.

லாஹுமா, ஜேஹா என்ற ஏழை நெல் விவசாயிகளுக்கு ஏழு பெண் பிள்ளைகள். லாஹுமா காலில் நிபோங் முள் ஏறி, புண் அழுகி, இறந்துபோகிறார். பாரம் தாங்காமல் ஜேஹாவின் மனம் பேதலிக்கிறது. கடைசியில் வீட்டிலேயே கூண்டில் அடைக்கிறார்கள். மலாயில் ஜேஹா தெளிவாக இருந்தபோதும் 'டியா', பேதலித்த பிறகும் 'டியா'. சொல் மாறுவதே இல்லை.

இதில் சில பக்கங்களைப் பயிற்சிக்காகத் தமிழில் எழுதி, தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு பாசார் மலாய் நன்றாக வரும், நாவல் படித்ததில்லை. ஜேஹா வரும் இடங்களை 'அவள்' என்று ஒரு முறையும், 'அவங்க' என்று ஒரு முறையும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கதை சொல்றவன் 'அவள்'னு சொல்லட்டும். பெத்த பிள்ளைங்க சொல்ல மாட்டாங்க. புத்தி கெட்டுப் போனாலும் அம்மா அம்மாதானே?" என்றார்.

நான் அப்படியே எழுதினேன். கதைசொல்லி பேசும்போது 'ஜேஹா கத்தினாள்'. மகள்களின் மனத்துக்குள் கதை போகும்போது 'அம்மா கத்துறாங்க'. கூண்டுக்குள் இருந்தாலும் அந்த 'ங்க' அவரை விட்டுப் போகவில்லை. கிரேட்டா தன் அண்ணனுக்குச் செய்ததை இந்தப் பிள்ளைகள் தாய்க்குச் செய்யவில்லை என்பது, தமிழில் எழுதியபோதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாடம் மூன்று: நம் மொழியின் கட்டாயம் எப்போதும் தடையாக இருப்பதில்லை. சில நேரம் மூலத்தில் அமைதியாக இருப்பதைக் காதில் விழ வைக்கும்.

நமக்கு ஏன் இது?

நாம் தினமும் மூன்று மொழிகளில் வாழ்கிறோம். மருத்துவமனையில் டாக்டர் சொல்வதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்கிறோம். அரசாங்கக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறோம். முதியோர் இல்லத்தில், மனநலப் பிரிவில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'அது ஒரு கேஸ்' என்று எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது! ஒருவரை மனிதராக வைத்திருப்பதும் கீழே இறக்குவதும் தமிழில் கடைசி அசையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு படித்தால் அந்த அசை நம் காதில் விழ ஆரம்பிக்கும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மலாய்ச் சிறுகதையில் 'டியா' வரும் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் விகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

2. அதே பகுதியைக் கைப்பேசிச் செயலியில் போட்டுப் பாருங்கள். செயலி எந்த விகுதியைப் போடுகிறது? அதற்குக் காரணம் சொல்ல முடியுமா?

3. உங்கள் மொழிபெயர்ப்பை, அந்த மொழி படிக்காத வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள்.

எழுதியதை அடுத்த மாத வாசகர் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். என்னுடைய பக்கங்களையும் கொண்டு வருகிறேன், சேர்ந்து திருத்துவோம்.