டேட்டா வாங்குமுன் ஒரு கணக்கு

சீகிரியா, தம்புள்ளைப் பகுதியில் பெரிய வெங்காயம் செய்வோர் பலர், பொருளாதார மத்திய நிலையத்து விலையைக் கைத்தொலைபேசியில் விசாரித்தபின்பே லொறியில் ஏற்றுகின்றனர். இடம்பெயர்ந்தோருக்கு உறவினரின் முகமும் அதில்தான். ஆகவே பசளையைப் போல டேட்டாவும் ஒரு செலவு. அதற்கும் கணக்குப் பார்ப்போம்.

உதாரணமாக, ஒரு பொதி 300 ரூபாய்க்கு 6 ஜி.பி.; மற்றது 240 ரூபாய்க்கு 4 ஜி.பி. இரண்டுக்கும் தவணை 30 நாள். வகுத்தால் ஒரு ஜி.பி. முறையே 50 ரூபாய், 60 ரூபாய். முதலாவதே மலிவு என்பீர்கள். சிறிய எழுத்தையும் வாசியுங்கள்: அந்த 6 இல் 3 ஜி.பி. இரவு 12 மணி முதல் காலை 8 மணி வரைதான் செல்லும். மாலையில் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு அது உதவாது. இரவுப் பங்கைத் தொடாவிட்டால் ஒரு ஜி.பி. 100 ரூபாயாகிவிடும். (நாலு மணிக்கே எழும்பும் நமக்கு அது முழுதும் வீணல்ல என்பதும் உண்மை.)

7 நாள் பொதியானால் விலையை நாலால் பெருக்குங்கள். அப்போதும் மாதத்துக்கு 2 நாள் குறையும்.

எந்தச் சிம்முக்குத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிறதென அயலாரிடம் முதலில் கேளுங்கள். பயிர் நோய்க்கு ஆலோசனை பெற விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழைக்கலாம். அதற்கு டேட்டாவே தேவையில்லை.