பெத்தலின் குளிர்காலம்: புதிதாகச் செல்லும் தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

அலாஸ்காவின் தென்மேற்கே, கஸ்கோக்விம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பெத்தல், ஆறாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். ஆங்கரேஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 640 கி.மீ. தொலைவில் இருக்கும் இவ்வூரை வெளியுலகோடு இணைக்கும் சாலை ஒன்றுகூட இல்லாததால், கோடையில் ஆற்று வழியே வரும் சரக்குப் படகுகளையும் ஆண்டு முழுவதும் விமானங்களையும் நம்பியே இது வாழ்கிறது. ஊராரில் பெரும்பாலோர் யூப்பிக் என்னும் பழங்குடி மக்கள். 1956ஆம் ஆண்டு அலாஸ்காவின் காப்பர் வேலி பள்ளியில் பணியாற்றச் சென்ற இளைஞர்களிடமிருந்து தொடங்கிய இயேசு சபைத் தன்னார்வப் பணியின் வழியாகவும் வேறு வழிகளிலும், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள் ஓராண்டுப் பணிக்காக இங்கு வருவது நெடுநாள் வழக்கம். இயேசு சபைப் பணிக்கு வருவோர் ஆகஸ்டில் வந்திறங்கி, சிறு உதவித்தொகையில், ஒரே வீட்டில் பலராகத் தங்குவர். அவர்களுக்குக் குளிர்காலம் வந்து சேருமுன் இரண்டு மாத அவகாசம் மட்டுமே உண்டு.

புதியவர்கள் அஞ்சுவது கடுங்குளிரை. ஆனால் பெத்தலில் உண்மையில் அஞ்சத்தக்கது ஈரம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஜனவரியின் சராசரி வெப்பநிலை இங்கே சுமார் –14 டிகிரி செல்சியஸ். அவ்வப்போது –30க்குக் கீழும் இறங்கும். எனினும் பெரிங் கடலுக்கு அருகில் இருப்பதால், நடுக்குளிர்காலத்திலேயே வெப்பநிலை திடீரென 0 டிகிரிக்கு மேல் ஏறி, மழை பெய்து, மறுநாளே தெருவெல்லாம் கண்ணாடிபோல் உறைந்துவிடுவதும் உண்டு. வியர்வை, மழை, மெல்லிய பனிக்கட்டி ஆகிய மூன்றும் ஈரத்தின் மூன்று வடிவங்கள் என்பதை மனத்தில் கொண்டால், பின்வரும் படிகளின் காரணம் எளிதில் விளங்கும்.

முதற்படி உடை. விலையுயர்ந்த ஒரே தடித்த மேலங்கியைவிட, கழற்றவும் அணியவும் இயலும் மூன்று அடுக்குகளே சிறந்தவை. உடலை ஒட்டிய முதல் அடுக்கு மெரினோ கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆனதாக இருக்க வேண்டும். பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலர மறுப்பதாலும், ஈரமான துணி உடலின் வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவதாலும், பருத்திப் பனியனும் ஜீன்ஸும் வெளிவேலைக்கு ஆகா. நடு அடுக்கு காற்றைச் சிறைப்பிடித்து வெப்பம் காக்கும் ஃப்ளீஸ் அல்லது கம்பளி. வெளி அடுக்கு காற்றைத் தடுக்கும் பார்க்கா, அதாவது தலைமூடியுடன் தொடைவரை நீளும் மேலங்கி. தலைமூடியின் விளிம்பில் உள்ள மென்மயிர் அழகுக்காக வைத்தது என்று வெளியூரார் எண்ணுவதுண்டு; முகத்தைச் சுற்றி அசையாத காற்றுப் படலம் ஒன்றை அது உண்டாக்குகிறது என்பதும், வுல்வரின் என்னும் விலங்கின் மயிரில் மூச்சின் ஈரம் உறைந்தாலும் எளிதில் உதிர்ந்துவிடும் என்பதும் இம்மண்ணின் தையற்காரிகள் தலைமுறைகளாக அறிந்தவை.

கைக்கு ஐவிரல் உறையைவிட, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும் மிட்டன் நல்லது. உள்ளே மெல்லிய கையுறை ஒன்றை அணிந்திருந்தால், பொத்தான் போடுவதற்காக மிட்டனைக் கழற்றும்போதும் தோல் வெளிப்படாது. காலணி வழக்கமான அளவைவிட ஓரளவு பெரிதாக இருப்பது முக்கியம். தடித்த காலுறையால் பாதம் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு விலையுயர்ந்த காலணியும் பயன்படாமல் போகும். காலணியின் அடியில் மாட்டும் உலோகப் பற்களை அக்டோபரிலேயே வாங்கிவிட வேண்டும். தன்னார்வலர் ஓர் எலும்பை முறித்துக்கொண்டு பணிக்காலத்தை வீணாக்குவதற்கு, மழை பெய்து உறைந்த தெருவில் ஒரு சறுக்கலே போதும். இவற்றையெல்லாம் வந்திறங்குமுன் கடையில் குவித்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிப்படை அடுக்குகளோடு வந்து, மற்றவற்றை உள்ளூரார் என்ன அணிகிறார்கள் என்று பார்த்தபின் சேர்ப்பதே சிக்கனம்.

அணியும் முறையில் ஒரு விதி உண்டு: புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். நடக்கத் தொடங்கியதும் உடல் சூடாகும். வியர்க்குமுன் ஓர் அடுக்கைத் திறந்துவிட்டு, நின்றதும் மூடிக்கொள்வது பழக்கமாக வேண்டும். வெப்பமானியை மட்டும் பார்த்து உடுத்துவதும் தவறு. வீசும் காற்று தோலின் வெப்பத்தைக் கவரும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் காற்றுக்குளிர் அளவைப் பார்க்க வேண்டும். –20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது –33 டிகிரிக்கு ஒப்பாகும். அந்நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையத் தொடங்கலாம். இவ்வாறு தோலும் அடித்திசுவும் உறைவதைப் பனிக்கடி என்பர். மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்து மரத்துப்போனால், அதைத் தேய்ப்பதும் பனியால் உரசுவதும் பெருந்தவறு; வெறுங்கையை வைத்துச் சூடேற்றி வீட்டுக்குள் செல்ல வேண்டும். விரல் கடினமாகிவிட்டிருந்தால், மீண்டும் உறையும் வாய்ப்பில்லாத இடத்தை அடைந்தபின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து, உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

அடுத்தது வீடு. ஆண்டு முழுவதும் உருகாமல் கிடக்கும் உறைநிலத்தின்மேல் கட்டப்பட்டதால், வீட்டின் சூடு மண்ணை உருக்கித் தளத்தைச் சாய்த்துவிடாதபடி, பெத்தலின் வீடுகள் கம்பங்களின்மீது உயர்ந்து நிற்கின்றன. பல வீடுகளுக்குத் தண்ணீர் குழாயில் வருவதில்லை. லாரி கொண்டுவந்து தொட்டியை நிரப்பிச் செல்ல, கழிவுநீரை மற்றொரு லாரி உறிஞ்சிச் செல்லும். நிரப்பும் நாளைச் சுவரில் எழுதி வைத்து, குளிப்பது, துவைப்பது ஆகியவற்றைத் தொட்டியின் அளவுக்குள் அமைத்துக்கொள்வது உடன் தங்குவோர் முதல் வாரத்திலேயே பேசி முடிக்க வேண்டிய செய்தி. இல்லையேல் கூட்டு வாழ்க்கையின் முதல் சண்டை தண்ணீரிலேயே தொடங்கும். சூட்டுக்கு எண்ணெய் அடுப்பு எரியும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயுவைக் காட்டும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், புயலுக்குப்பின் புகைபோக்கியின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றாடக் கடமைகள். காலணியை முன்னறையிலேயே கழற்றிவிடுவது இங்கே மரியாதையும்கூட.

மூன்றாம் படியே மிகுந்த கவனத்துக்குரியது: பயணம். ஊருக்குள் பலர் சேர்ந்து ஏறும் டாக்ஸிகள் ஓடுவதால் சொந்த வண்டி தேவைப்படாது. ஊருக்கு வெளியே செல்வது வேறு கதை. ஆறு உறைந்ததும் அதுவே நெடுஞ்சாலையாகிறது; நல்ல குளிர் விழும் ஆண்டுகளில் 300 கி.மீ.க்கும் மேல் பனிச்சாலை அமைத்து, அதன்மேல் லாரிகளையே ஓட்டுகிறார்கள். அலாஸ்காவில் ஸ்னோமெஷின் என்று அழைக்கப்படும், பனிமேல் ஊர்ந்தோடும் வண்டிகள் கிராமந்தோறும் உண்டு. தெளிந்த, நீலநிறமான பனிக்கட்டி 10 செ.மீ. தடிமன் இருந்தால் ஒருவர் நடக்கலாம், 13 முதல் 18 செ.மீ. இருந்தால் ஸ்னோமெஷின் தாங்கும், கார் செல்ல 20 முதல் 30 செ.மீ. வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் இக்கணக்கு அசையாத ஏரிக்கே முழுதும் பொருந்தும். ஓடும் ஆற்றில், நீரோட்டம் விரைவாக உள்ள வளைவுகளில், பனிக்கட்டி கையகலத்துக்கு ஒரு தடிமனாக மாறும். பனிப்பொழிவின் எடை தாங்காமல் விரிசல்வழியே நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் மறைந்து கிடப்பதும் உண்டு. எனவே எண்களை மனப்பாடம் செய்வதைவிட, பெத்தல் தேடல்-மீட்புக் குழுவினர் ஆய்ந்து அறிவிக்கும் வழியையும், திறந்த நீர்த்துளைகளைச் சுற்றி அவர்கள் நட்டுவைக்கும் ஒளிரும் குறிகளையும் நம்புவதே அறிவுடைமை. முதல் குளிர்காலத்தில் எந்தத் தன்னார்வலரும் ஆற்றின்மேல் தனியே செல்லலாகாது. இதில் விலக்கு இல்லை.

பனிக்கட்டி உடைந்து நீரில் விழ நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்னும் விதி இதற்கு உதவும்: முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலை அடக்குவதற்கு, அடுத்த 10 நிமிடங்கள் கைகால்கள் பயன்படும் காலம், உடல்வெப்பம் தாழ்ந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பதறாமல், வந்த திசைக்கே திரும்பி (அப்பக்கத்துக் கட்டி சற்றுமுன் எடையைத் தாங்கியது என்பது உறுதி), கைகளை மேலே பரப்பி, கால்களை நீச்சலில்போல் உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி, மேலேறியபின் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். கழுத்தில் தொங்கும் இரண்டு சிறு பனிக்குத்திகள் வழுக்கும் விளிம்பைப் பற்ற உதவும்.

கிராமங்களுக்குச் சிறு விமானத்தில் செல்லும்போது, குளிருடையைப் பையில் வைக்காமல் உடம்பில் அணிந்தே ஏற வேண்டும். விமானம் வழியில் இறங்க நேரும் எனக் கருதியே, அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை பனிக்காலணி, உறங்குபை முதலியவற்றைச் சிறு விமானங்கள் சுமந்து செல்லுமாறு அலாஸ்காச் சட்டம் விதித்தது. ஒருநாள் வேலைக்குப் போனவர் மேகமும் காற்றும் விடாமல் மூன்று நாள் தங்க நேர்வது வெகு இயல்பு. சொந்த உறங்குபையும் உணவும் மருந்தும் உடன் இருந்தால், பள்ளிக்கூடத் தரையில் படுத்துறங்கிவிடலாம்.

நான்காவது, இருளோடு பழகுதல். டிசம்பர் பிற்பகுதியில் கதிரவன் காலை 11 மணியளவில் எழுந்து மாலை நாலரை மணிக்கு மறைகிறான். பகல் ஐந்தரை மணி நேரமே. 1984ஆம் ஆண்டு நார்மன் ரோசந்தாலும் உடன் ஆய்ந்தோரும் விவரித்த பருவகால மனச்சோர்வு, அதாவது ஒளி குறைந்த மாதங்களில் மிகுதூக்கமும் இனிப்பு வேட்கையும் ஊக்கக்குறைவுமாக வெளிப்படும் நோய், சிலரைப் பற்றக்கூடும். விழித்தெழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் 20 முதல் 30 நிமிடங்கள் அமர்வதும், பகல்வேளையில் அரைமணி வெளியே நடப்பதும், மருத்துவரைக் கேட்டு வைட்டமின் டி உட்கொள்வதும் பயன்தரும். இவை அனைத்தும் நவம்பரிலேயே தொடங்கப்பட வேண்டும். சோர்ந்தபின் தொடங்க மனம் வராது.

விளக்கைவிடப் பெரிய மருந்து வீட்டைவிட்டு வெளியே வருதல். ஆங்கிலத்திலும் யூப்பிக்கிலும் ஒலிபரப்பும் கேஒய்யூகே வானொலி, ஊரில் எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும். ஜனவரி 7இல், பழைய நாட்காட்டியின்படி கிறிஸ்துமஸ் கொண்டாடும் ரஷ்ய மரபு வைதிகத் திருச்சபையினர், ஸ்லாவிக் என்னும் விழாவில் சுழலும் நட்சத்திரம் ஒன்றை ஏந்தி வீடுவீடாகப் பாடிச் செல்ல, ஒவ்வொரு வீட்டிலும் விருந்து நடக்கும். அம்மாதத்திலேயே கஸ்கோக்விம் 300 என்னும் நாய்வண்டிப் பந்தயம். வசந்தம் நெருங்கும்போது கமாயி நடன விழா. இவற்றில் பார்வையாளராக நிற்பதைவிட, பாத்திரம் கழுவவோ நாற்காலி அடுக்கவோ முன்வருபவர் விரைவில் ஊர்க்காரராவார்.

பழகும் முறையில் சில நுட்பங்கள் உண்டு. புருவத்தை உயர்த்துவது இங்கே ஆம் என்பதற்கு அடையாளம். அதைக் காணாமல் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் புதியவர் பொறுமையற்றவராகத் தோன்றுவார். ஒருவர் பேசி முடித்தபின் சிறிது மௌனம் விட்டுத்தான் மற்றவர் தொடங்குவார். அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்பினால் பெரியவர்கள் பேசாமலேயே இருந்துவிடுவர். சால்மன் வரத்துக் குறைந்து மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடுகள் வந்துள்ள இக்காலத்தில் எவரேனும் உலர்மீன் தந்தால், அது ஒரு குடும்பத்தின் கோடைக்கால உழைப்பின் பங்கு என்று உணர்ந்து, குயானா என்று நன்றி சொல்லி, அவர் கண்முன்னே உண்ண வேண்டும். மக்கி எனப்படும் நீராவிக் குளியலுக்கு அழைப்பு வந்தால் மறுக்கலாகாது. தாழ்வாக அமர்ந்து, ஈரத்துணியால் வாயை மூடி மூச்சுவிட்டு, தாளாவிட்டால் வெளியே வந்துவிடலாம். அதில் இழுக்கு இல்லை.

மார்ச்சில் பகல் நீண்டு, பனிமேல் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும்போது கருப்புக் கண்ணாடி தேவைப்படும். ஏப்ரலில் பனிச்சாலை மூடப்பட்டபின், வழித்தடங்கள் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் உள்ளூரார் சொல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது. பனிக்கட்டி உடையும் நாளையும் நேரத்தையும் ஊகித்துப் பந்தயம் கட்டும் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. பெரும்பாலும் மே மாதத்தில்தான் ஆறு உடைகிறது.