வெள்ளானூர்ப் பக்கம் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்களுக்கு

1. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் "சிறப்புப் பள்ளியில கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. விருப்பம் அவர்களுடையது. அடையாள அட்டை கையில் இல்லையென்றாலும் முதலில் பெயரை எழுதுங்கள், அட்டை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

2. சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, டேப் வைத்து அளந்து பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்தால், தானே சக்கரத்தை உருட்டி வரும் பிள்ளை பின்னால் சாய்ந்துவிடும்.

3. கழிப்பறைக்காக யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் சக்கர நாற்காலி நுழைந்தபின் சாத்தவே முடியாது. பக்கச் சுவரில் கைப்பிடி, உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள், குழாய். அந்த அறையில் துடைப்பமும் பினாயில் கேனும் அடுக்கவிடாதீர்கள், பூட்டவும் விடாதீர்கள். கழிப்பறைக்குப் போக முடியாதே என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கு வந்த பெண்பிள்ளை படிப்பை நிறுத்த இந்த ஒன்றே போதும்.

4. வட்டார வள மையச் சிறப்பாசிரியர் ஒருவருக்குப் பல பள்ளிகள். அவர் வரும் நாளில்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பாடம் என்று ஆகிவிடக் கூடாது. வரும்போது உங்கள் பாடக்குறிப்பைக் காட்டி, எதை எப்படி மாற்றலாம் என்று கேளுங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை என்றால், பூந்தமல்லியிலேயே பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பிரெய்ல் புத்தகம் பற்றி அங்கே நேரில் போய் விசாரியுங்கள்.

5. வீட்டுவழிக் கல்வி, கடுமையான குறைபாட்டால் பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கானது. அழைத்து வர ஆளில்லை என்பதற்காக யாரையும் அந்தப் பட்டியலில் தள்ளாதீர்கள். பிள்ளைக்கும், அதிக ஆதரவு தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கும் போக்குவரத்து வசதி தரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

6. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. ஆனால் மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். பல பெற்றோருக்கு இப்படியொரு சலுகை இருப்பதே தெரியாது. வகுப்பாசிரியரான நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.