வீட்டுக்கு விலை பேசும் முன்

கடைக்கு ஒரு மூடை பருப்பு வாங்குவதென்றாலும் சாக்கைக் குத்திப் பார்த்துத்தான் விலை பேசுவோம். வீடு வாங்கும்போது மட்டும் வாசலில் நின்றே பேசி முடித்துவிடுகிறோம். பல வருடம் வியாபாரம் செய்த நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான்.

மாத்தளையில் 10 பேர்ச் காணியோடு ஒரு பழைய வீடு. விற்க வந்தவர் ஒரு கோடி கேட்டார். நான் 85 இலட்சத்தில் தொடங்கி 90 இலட்சத்தில் முடித்தேன். "இன்னொரு ஆள் காசோடு நிற்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் கொடுங்கள் ஹாஜியார்" என்று தரகர் அவசரப்படுத்தினார். வெறும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு 5 இலட்சம் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் நொத்தாரிசிடம் போனேன். உறுதி மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே இருந்தது. உம்மாவும் உயிரோடு இல்லை. வாரிசுகள் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும். மகனுக்குப் பாதி, மகள்மார் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. இளைய மகள் கட்டாரில் இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் 5 இலட்சம் எட்டு மாதம் முடங்கியது. நான் குறைத்ததாகப் பெருமைப்பட்ட 10 இலட்சத்தில் இரண்டரை இலட்சம் அந்தப் பெண்ணின் ஹக் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அதில் நான் படித்தவை இவை:

1. முதலில் உறுதியினதும் நில அளவைப் படத்தினதும் பிரதிகளை வாங்கி, உங்கள் சொந்த நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். ஈடு உண்டா, பங்காளிகள் எத்தனை பேர், எல்லோருக்கும் விற்கச் சம்மதமா என்று தெரிந்த பிறகே விலையைப் பேசுங்கள்.

2. உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே தீர்மானியுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 90 இலட்சத்துக்கு அதுவே 3,59,000 ரூபா. நொத்தாரிசு கட்டணமும் திருத்த வேலைச் செலவும் வேறு.

3. விலை குறைக்க உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ஒழுகும் கூரை, ஒடுங்கிய பாதை, கட்டாத சோலை வரி போதும். இல்லாத குறையைச் சொல்லாதீர்கள்.

4. "இன்னொரு ஆள்" என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அதேபோல் ஒருவர் உண்மையிலேயே பேசி முடித்திருந்தால், அதற்கு மேல் நீங்கள் விலை வைப்பதும் தடைதான்.

5. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் தாளை வைத்து உறுதி எழுதித் தரும்படி கேட்க முடியாது. உரித்தில் குறை இருந்தால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும், வீட்டை எப்போது காலி செய்வார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கடைசியில் அதே வீட்டை 94 இலட்சத்துக்கு வாங்கினேன். இளைய மகள் அற்றோணித் தத்துவம் அனுப்பினார். மூன்று பேருக்கும் தனித்தனிக் காசோலை கொடுத்தேன். 4 இலட்சம் கூடத்தான். ஆனால் யாருடைய மனக்குறையும் இல்லாத வீட்டில் தொழுகிறேன். அந்த பரக்கத்துக்கு 4 இலட்சம் பெரிய விலையல்ல.