‘எப்பவாவது’ வாடகைக்குப் போகும் கார்: இன்சூரன்ஸைச் சரிசெய்வது எப்படி?

“அண்ணே, வண்டி சும்மாதானே நிக்குது? ஞாயித்துக்கிழமை ஒரு நாள் குடுங்க, குடும்பத்தோட திருச்செந்தூர் போயிட்டு வந்துடுறோம். டீசல் நாங்க போட்டுக்கிறோம், ரெண்டாயிரம் தனியா தந்துடுறேன்.”

வீட்டில் இரண்டாவது கார் நிற்கிறதென்றால் இப்படி ஒரு போன் வராமல் இருக்காது. மகன் வெளிநாடு போனபின் போர்ட்டிகோவில் தூசி படிந்து கிடக்கும் ஸ்விஃப்ட். மாதம் இரண்டு தடவை ஓடினால் பேட்டரியும் பிழைக்கும், பிரீமியம் காசும் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இன்சூரன்ஸில் ‘எப்பவாவது’ என்ற சொல்லுக்கு இடமில்லை. சொந்த உபயோகத்துக்கு ஓன் போர்டு, வாடகைக்கு டி போர்டு என்று இரண்டே அறைகள். நடுவில் திண்ணை கிடையாது.

1. பாலிசியில் ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்

பொடி எழுத்தில் ‘எதற்குப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு பத்தி இருக்கும். ஓன் போர்டு பாலிசியில் அது, வாடகைக்கோ வேறு பிரதிபலனுக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம் போன்றவை நீங்கலாக என்று சொல்லும். பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் இந்த வரி மாறாது. ஒரே ஒரு நாள் வாடகைக்கு விட்டாலும், அந்த ஒரு நாளில் நீங்கள் நிபந்தனைக்கு வெளியே நிற்கிறீர்கள்.

2. உங்கள் நிலை எது என்று முடிவு செய்யுங்கள்

*காசு வாங்காமல் கொடுக்கிறீர்கள்:* ஓன் போர்டு பாலிசியே போதும். ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் காருக்குள் இருப்பவர்களுக்கு அது பொதுவாக உதவாது. முழு பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

*டிரைவரோடு வாடகைக்கு அனுப்புகிறீர்கள்:* டி போர்டும் பெர்மிட்டும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை சிறையும் உண்டு.

*சாவியைக் கொடுத்து, எடுப்பவரையே ஓட்ட விடுகிறீர்கள்:* கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து கொண்ட நம்பர் பிளேட் இதற்குத்தான். 1989-ம் ஆண்டு மத்திய அரசுத் திட்டம் உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு நேரடியாக இதில் இறங்க முடியாது.

3. கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள்

2022 ஜூன் 1 முதல் அமலான தேர்டு பார்ட்டி கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 1,200 சிசி காருக்கு ஓன் போர்டில் 3,416 ரூபாய். அதே கார் டி போர்டானால் அடிப்படை 7,940; அதோடு பயணி ஒருவருக்கு 978 வீதம் நான்கு பேருக்கு 3,912. மொத்தம் 11,852. ஜி.எஸ்.டி. தனி. வருடத்துக்கு 8,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இதோடு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், வரி எல்லாம் சேரும். புது வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., பிறகு வருடாவருடம். மாதம் இரண்டு சவாரிக்கு இது தாங்காது. ஆறேழு சவாரி உறுதி என்றால் யோசிக்கலாம்.

4. மாற்றுவதென்றால் வரிசை தவறாதீர்கள்

கடன் இருந்தால் முதலில் வங்கியின் தடையில்லாச் சான்று. அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் போர்டு மாற்ற விண்ணப்பம், எஃப்.சி., பெர்மிட். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆரம்பத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. டி போர்டு பாலிசி கையில் வரும்வரை முதல் சவாரி வேண்டாம்.

5. பாலிசியில் கேட்டு வாங்குங்கள்

15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பு உரிமையாளர் ஓட்டும்போதுதான். சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், செலவு சொற்பம். வண்டியை எடுத்தவரே அதோடு கம்பி நீட்டினால் பணம் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். டிரைவருக்கு பேட்ஜ் இல்லையே என்று பயப்பட வேண்டாம்: சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்குட்பட்ட வாடகை வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

6. விபத்து நடந்தால் உண்மையைச் சொல்லுங்கள்

‘சொந்தக்காரங்கதான் எடுத்துட்டுப் போனாங்க’ என்று எழுதிக் கொடுப்பது பழைய தந்திரம். விசாரிக்க வருபவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டவரிடமே கேட்பார். ‘கார் வாடகை’ என்று குறிப்பு போட்டு வந்த ஜிபே பணமும் சாட்சி சொல்லும்.

எதிரே வந்தவருக்கு உயிர்ச்சேதம் என்றால் சுமை பெரிது. இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும் தீர்ப்புகள் உண்டு. அப்போது நஷ்ட ஈடு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

சொந்த வண்டிச் சேதத்துக்கு ‘தர முடியாது’ என்று கடிதம் வந்தால் அதோடு முடிந்ததாக நினைக்காதீர்கள். வாடகைக்கு ஓடிய ஓன் போர்டு வண்டி திருட்டுப்போன வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

7. வாடகை வேண்டாமென்றால்

நிற்கும் காருக்கு முழுப் பிரீமியம் கட்டுவதுதான் வருத்தம் என்றால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் வசதியைக் கேளுங்கள். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது இது. ரெண்டாயிரம் வாடகை வாங்காமலே செலவு குறையும்.

அடுத்த போன் வரும்போது பதில் தயாராக இருக்கட்டும்: “தம்பி, ரெண்டாயிரம் வேண்டாம். லைசென்ஸை மட்டும் காட்டிட்டு எடுத்துட்டுப் போ.” அப்படிக் கொடுக்க மனம் வராத ஆள் என்றால், பக்கத்துத் தெரு டி போர்டு வண்டிக்காரர் நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.