மானாவாரி மேய்ச்சல் தரைகளில் கொழுக்கட்டைப் புல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் புஞ்சைக் குடியானவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லைப் புதிதாக அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. வரப்புகளிலும் செம்மண் மேடுகளிலும் தானே முளைத்து, கோடையில் மேலெல்லாம் காய்ந்தும் வேரில் உயிர் தாங்கி, மறு மழைக்குத் துளிர்க்கும் பல்லாண்டுப் புல் இது. தானே வளர்கின்றதென்ற ஒரே காரணத்தால் இதனைப் பேணுவார் மிகச் சிலரே.

காங்கயம் பிரதேசத்தில் நிலைமை வேறு. அங்குக் கிளுவை வேலியடைத்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, இப்புல்லையே முதன்மையாகக் கொண்ட கொரங்காடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். காங்கயம் மாடுகளின் பெயர் நிலைத்தது இம்மேய்ச்சலினால்தான். அவ்விடத்து மழை நம்முடையதினும் அதிகமன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, புல்லின் சத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். கதிர் வாங்குமுன் உள்ள இளம்புல்லில், ஈரம் நீக்கிய எடையில், நூற்றுக்கு ஏறக்குறைய 10 பங்கு புரதம் உண்டு. விதை உதிர்ந்து தாள் முற்றியபின் அது பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இறங்கிவிடுகின்றது, நாரோ பெருகுகின்றது. தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 7 பங்கிற்குக் கீழே போகுமாயின், இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மெலிந்து செரிமானம் தடைப்படும். மாடு புல்லிருந்தும் உண்ணாது. ஓர் உதாரணம்: 100 கிலோ உலர்ந்த இளம்புல் 10 கிலோ புரதந் தரும். பொறுத்திருந்து 150 கிலோவாக அறுத்தாலும், புரதம் நூற்றுக்கு 5 ஆகிவிடின், கிடைப்பது ஏழரைக் கிலோவே. பாரத்தைப் பார்த்து மகிழ்வோர் இக்கணக்கையும் பார்ப்பது நலம். சோளத்தட்டையை மட்டும் நம்பும் மாட்டிற்குப் பூ எடுக்குந் தருணத்தில் அறுத்துலர்த்திய இப்புல் பெருந்துணையாகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டை நல்ல பராமரிப்பில் வருஷத்திற்கு நான்கு முதல் ஆறு அறுப்புகளில் ஹெக்டேருக்கு 40 டன் வரை பசும்புல் கொடுக்கும். மழை பொய்த்த வருஷத்தில் நம் காடுகளில் அவ்வளவை எதிர்பார்ப்பது பேராசை. ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதும். புதிதாக உருவிய விதை நன்கு முளையாது. 6 முதல் 8 மாதம் வைத்திருந்து, ஐப்பசி மழைக்கு முன் மேலாகத் தூவி லேசாக மண் மூடுக. ஆழப் புதைத்த விதை வெளிவராது. முதல் அறுப்பு சுமார் 70 நாளில். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல்மசால் கலந்து விதைத்தால் புரதக் குறை தீரும்.

நீர் தேங்கும் கனத்த கரிசல் இதற்கு ஆகாது. அத்தகைய தாக்குகளைப் பருத்திக்கும் சோளத்திற்கும் விட்டுவிட்டு, செவலும் சரளையுமான மேடுகளைத் தேர்ந்துகொள்க.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மேய்ச்சற் புறம்போக்குகளைச் சீமைக் கருவேல் மூடியதனால் ஆடுமாடுகளுக்கு நிழலுண்டு, புல்லில்லை. வேரோடு அகற்றிய இடத்தைச் சும்மா விட்டால் விழுந்த விதைகள் மீண்டும் முளைக்கும். அவ்வருஷ மழையிலேயே புல் விதைத்து, முதல் வருஷம் ஆடு புகாமல் காத்து, பின்னர்ப் பகுதி பகுதியாகத் திறந்துவிடுக. ஆடுகள் குருத்தை அடியோடு கடிப்பதால், தூர் நாலு விரற்கடை உயரம் நிற்கும்போதே மந்தையை அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும்.