பெட்டியைத் திறக்கும் முன்

சிவகங்கை அருகே பொத்தகுடி என்ற சிற்றூர். 2020 ஊரடங்கின்போது, தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை வைக்கோலும் சுள்ளியுமாகக் கொண்டுவந்து அடைத்தது. தினமும் விளக்குப் போடும் கல்லூரி மாணவர் அதைப் பார்த்துவிட்டார். முட்டையைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடக்கணுமா?' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனாலும் குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், தெருவிளக்கு எரியவில்லை.

அதே மாவட்டத்தில், 1977இல் சரணாலயமான வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

ஆக, இந்தச் சீமையில் பாசத்துக்குக் குறைவில்லை. பழகவேண்டியது பார்க்கும் முறைதான். காரைக்குடியில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டுகிறவர்கள் முதல் வாரத்திலேயே தினம் நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பார்கள். குருவி கூட்டைக் கைவிட்டுப் போக அதுவே போதும்.

அமெரிக்காவில் ப்ளூபேர்டு என்ற பறவைக்கு மாட்டிய பெட்டிகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களுக்கு இதில் நல்ல பழக்கம். லாரன்ஸ் ஸெலெனி என்பவர் 1978இல் அந்தப் பறவைக்கென ஒரு சங்கமே தொடங்கினார். தன்னார்வலர்கள் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பெட்டியைத் திறப்பார்கள். விடியற்காலையில் போவதில்லை, தாய்ப்பறவை முட்டையிடும் நேரம் அது. பெட்டியை மெல்லத் தட்டிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் முட்டையையும் குஞ்சையும் எண்ணிக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டால் மூடியைத் தொடவே மாட்டார்கள். பயந்து, பறக்கத் தெரியுமுன்னே வெளியே குதித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிகளுக்கு அங்கே பெரிய தொல்லை, 1850களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன சிட்டுக்குருவிதான். நாம் அழைத்தும் வராதது அங்கே அழைக்காமலே புகுந்துவிடுகிறது!

சிட்டு பதினொன்று முதல் பதினான்கு நாள் அடைகாக்கும். பிறகு இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். நாள் குறித்து வைத்தால், எப்போது விலகி நிற்பது என்பது தானே தெரியும். செட்டிநாட்டு வீட்டில் வளவுத் தாழ்வாரம் பெட்டிக்குத் தோதான இடம். நிழலும் காற்றும் உண்டு. மின்விசிறி சுழலும் அறை வேண்டாம். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் இரை என்பதால் தோட்டத்தில் மருந்தடிப்பதையும் நிறுத்தவேண்டும்.

பெட்டி வாங்கும்போது துளையை அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர் போதும். துளைக்கு முன்னால் அழகுக்காகக் குச்சி வைத்திருந்தால் பிடுங்கி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகம் உட்கார்ந்து குஞ்சை இழுக்கத்தான் உதவும்.